கடல்கட்டியும் மயக்க மருத்துவரும்

தூத்துக்குடி என்றதும் உங்களுக்குத் துறைமுகமும் உப்பளங்களும் நினைவுக்கு வரும். ஆனால் பெரிய கப்பல்கள் வந்து அணையும் துறைமுகம் எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உலகம் இந்தக் கரையை முத்தைக் கொண்டு அறிந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைப் பாங்கான திட்டுகள் உண்டு. அவற்றை நம் மக்கள் 'பார்' என்பார்கள். அந்தப் பார்களில்தான் முத்துச் சிப்பிகள் வளர்ந்தன. குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு பத்து, இருபது மீட்டர் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்குவார். கயிற்றை அசைத்ததும் தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுத்துவிடுவார். கயிறு பிடிப்பவர் குளிப்பவரின் மைத்துனராகத்தான் இருக்கவேண்டும் என்று இக்கரையில் ஒரு பேச்சு உண்டு. தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கண்ணயர மாட்டாராம்!

முத்துக்குளிப்பில் இன்னொருவருக்கும் இடம் இருந்தது. அவர் பெயர் 'கடல்கட்டி'. சுறா மீன்களின் வாயை மந்திரத்தால் கட்டிவிடுபவர் என்று அவரை மக்கள் நம்பினார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ, இத்தகையவர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டது என்று எழுதி வைத்திருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் கடல்கட்டியைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியானால் அத்தனை நூற்றாண்டுகளாக அவர் எதைத்தான் கட்டினார்? குளிப்பவரின் அச்சத்தை! அதற்கு உண்மையான பயன் இருந்தது. அஞ்சுகிறவனின் இதயம் வேகமாகத் துடிக்கும். உடலில் இருக்கும் ஆக்சிஜன் விரைவில் செலவாகும். மூச்சை அடக்க முடியாமல் அவன் பாதியிலேயே மேலே வருவான். மனம் அடங்கியவனுக்கு அதே மூச்சு நெடுநேரம் தாங்கும். மூச்சை அடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தானாகவே குறையும் ஓர் அமைப்பும் நம் உடலில் இருக்கிறது. அச்சம் அந்த அமைப்பையும் கெடுத்துவிடும்.

இன்று இதய அறுவை நடக்கும் மருத்துவமனைகளிலும் அச்சத்தைக் கட்டும் வேலை நடக்கிறது. அங்கே அதை மருந்து செய்கிறது. நோயாளியைத் தூங்கவைக்கும் முதன்மையான மயக்க மருந்தோடு, துணையாக 'அமைதியூட்டி' மருந்துகளையும் மயக்க மருத்துவர் கொடுக்கிறார். "எப்படியும் தூங்கப்போகிறவருக்கு அமைதி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அதற்கு விடை காண நமக்குத் தெரிந்த இயற்பியலே போதும்.

இதயம் செய்யும் வேலை

இதயம் ஒரு பம்பு. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைச் சராசரியாக 100 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தள்ளுகிறது. அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கினால் வேலை கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். 100 மி.மீ. பாதரசம் என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13,300 நியூட்டன். 5 லிட்டர் என்பது 0.005 கன மீட்டர். இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 66 ஜூல். அதாவது, ஏறக்குறைய 7 கிலோகிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒவ்வொரு நிமிடமும் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலை.

இப்போது அச்சம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகங்களின் தலைமேல் இருக்கும் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கொட்டுகின்றன. அழுத்தம் 150 மி.மீ. ஆகிறது, இரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆகிறது. கணக்கிட்டுப் பாருங்கள்: 160 ஜூல். இரண்டு மடங்குக்கும் மேலான வேலை! நல்ல இதயத்துக்கு இது பெரிதல்ல. நீங்கள் கபடி ஆடும்போது இதைவிட அதிகமாகவே உங்கள் இதயம் உழைக்கிறது.

ஆனால் நோயுற்ற இதயத்தின் நிலை வேறு. வேலை கூடினால் கூலியும் கூடவேண்டும் அல்லவா? இதயத்தின் கூலி ஆக்சிஜன். நம் உடலின் மற்றத் தசைகள் தேவைப்பட்டால் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசையோ ஓய்வு நேரத்திலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. எனவே அதற்கு மேலும் ஆக்சிஜன் வேண்டுமென்றால் இரத்தமே கூடுதலாக வரவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. ஆகவே இடது வென்ட்ரிக்கிளின் தசைக்குப் பெரும்பாலும் அது விரிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான் இரத்தம் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 60 முறை துடித்தால் ஒரு துடிப்புக்கு 1 வினாடி. அதில் சுருக்கம் சுமார் 0.3 வினாடி, ஓய்வு 0.7 வினாடி. துடிப்பு 120 ஆனால் ஒரு துடிப்புக்கு அரை வினாடிதான். அதில் சுருக்கம் சுமார் 0.25, ஓய்வு 0.25. ஒரு நிமிடம் முழுவதும் கூட்டினால் முதல் நிலையில் இதயத்துக்குக் கிடைக்கும் உணவு வேளை 42 வினாடி. இரண்டாம் நிலையில் 30 வினாடி. வேலை இரட்டிப்பாகும் நேரம் பார்த்து உணவு வேளை குறைந்துவிடுகிறது! குழாய் அடைபட்ட இதயம் இதை எப்படித் தாங்கும்?

குறுகிய வாசல்

இதைவிடக் கடினமான ஒரு நிலையும் உண்டு. அது உங்கள் வயதுக்காரர்களையே பெரிதும் தாக்குவது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒருவகை நுண்ணுயிரை உரிய மருந்தால் ஒழிக்காவிட்டால், சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். மூட்டுகள் வீங்கும், சில நாட்களில் வீக்கம் வற்றிவிடும். ஆனால் இதயத்தின் வால்வுகளில் அது தழும்பை விட்டுச்செல்லும். இடது ஆரிக்கிளுக்கும் இடது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வுதான் பெரும்பாலும் கெடுகிறது. 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கவேண்டிய அந்த வாசல், 1 சதுர சென்டிமீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கிவிடும்.

நுரையீரலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் இந்த வாசல் வழியாகத்தான், அதுவும் இதயம் ஓய்ந்திருக்கும் நேரத்தில்தான், கீழே இறங்கவேண்டும். 42 வினாடியில் இறங்கிய இரத்தம் 30 வினாடியில் இறங்கவேண்டுமானால் அதன் வேகம் 1.4 மடங்கு ஆகவேண்டும். அதற்கு எவ்வளவு கூடுதல் அழுத்தம் வேண்டும்? 1.4 மடங்கா? இல்லை!

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றின் பக்கத்தில், அடிக்குச் சற்று மேலே, ஆணியால் ஒரு துளை இடுங்கள். துளைக்கு மேல் நீர்மட்டம் 5 செ.மீ. இருக்கும்போது ஒரு டம்ளர் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். மட்டம் இறங்காதபடி ஒரு நண்பர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். பிறகு மட்டத்தை 20 செ.மீ. ஆக உயர்த்துங்கள். உயரம் நான்கு மடங்கு. ஆனால் டம்ளர் நிரம்பும் நேரம் பாதியாகத்தான் குறையும். துளை வழியே பாயும் வேகத்தை இரண்டு மடங்காக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். டாரிசெல்லியின் இந்த விதியின் அடிப்படையில்தான் 1951இல் கார்லின் என்ற மருத்துவரும் அவர் தந்தையாரும் சுருங்கிய வால்வின் பரப்பைக் கணக்கிடும் வழியை வகுத்தார்கள்.

ஆகவே வேகம் 1.4 மடங்கானால் அழுத்த வேறுபாடு 1.4 × 1.4, அதாவது ஏறத்தாழ 2 மடங்கு ஆகிறது. துடிப்பு 60 ஆக இருக்கும்போது வாசலின் இருபுறமும் அழுத்த வேறுபாடு 10 மி.மீ. என்று கொள்வோம். வென்ட்ரிக்கிளின் ஓய்வு அழுத்தம் 5 மி.மீ. என்றால் ஆரிக்கிளில் 15 மி.மீ. துடிப்பு 120 ஆனதும் வேறுபாடு 20 மி.மீ.; ஆரிக்கிளில் 25 மி.மீ. அந்த அழுத்தம் அப்படியே பின்னோக்கி நுரையீரலின் மெல்லிய தந்துகிகளுக்குச் செல்கிறது. ஏறக்குறைய இந்த அளவை எட்டியதும் அவற்றிலிருந்து நீர் கசிந்து காற்றறைகளை நிரப்பத் தொடங்கும். கடலில் இறங்காமலே மூழ்கும் நிலை இது!

அறுவைக்காகக் காத்திருக்கும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். அவளை யாரும் தொடவில்லை; கத்தி எடுக்கவில்லை. சக்கரக் கட்டிலில் தள்ளிச் செல்லும்போது எழும் அச்சம் ஒன்றே அவள் நுரையீரலில் நீர் கோக்கப் போதுமானது. இப்போது சொல்லுங்கள், தூங்கப்போகிறவருக்கு அமைதி எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா?

குளோரோபாரம் கற்பித்த பாடம்

இந்த உண்மையை மருத்துவ உலகம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை. 1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் ஈதரைக் கொண்டு வலியில்லா அறுவையைக் காட்டினார். அடுத்த ஆண்டு குளோரோபாரம் வந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண், கால் நகம் எடுக்கும் சிறு அறுவைக்காகக் குளோரோபாரத்தை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். அதன்பின் அதேபோலப் பல மரணங்கள்.

காரணம் என்ன? நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய ஆய்வு நடந்தது. ஐதராபாத் நிஜாமின் பொருளுதவியோடு 1888, 1889 ஆண்டுகளில் எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் இரண்டு ஆய்வுக் குழுக்களை நடத்தினார். மூச்சைக் கவனித்தால் போதும், இதயம் முதலில் நிற்பதில்லை என்று அவை முடிவு கூறின. மூச்சைக் கவனிக்கச் சொன்னது நல்ல அறிவுரைதான். ஆனால் முடிவு முழு உண்மை அல்ல. 1911இல் லண்டனைச் சேர்ந்த லெவி என்பவர் பூனைகளிடம் செய்த சோதனை புதிரை அவிழ்த்தது. குளோரோபாரம் அரைகுறையாக ஏறியிருக்கும்போது உடலில் அட்ரினலின் பெருகினால், வென்ட்ரிக்கிள்கள் ஒழுங்காகச் சுருங்காமல் புழுக்கூட்டம் போல் நெளிந்து நின்றுவிடுகின்றன! அட்ரினலினைப் பெருக்குவது எது? வலியும் அச்சமும். அரை மயக்கத்தில் பதறிய நோயாளிக்கு மரணம் வந்ததன் இரகசியம் இதுதான்.

குளோரோபாரம் இன்று அறுவைக் கூடத்தை விட்டே போய்விட்டது. பாடம் மட்டும் நின்றது: மயக்கம் வேறு, அமைதி வேறு, இரண்டும் வேண்டும்.

வேலையைப் பங்கிடும் மருந்துகள்

ஒரே மருந்தை நிறையக் கொடுத்து எல்லாவற்றையும் சாதிக்க முடியாதா? முடியும், ஆனால் அந்த அளவு இரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளிவிடும். பலவீனமான இதயம் அதிலிருந்து மீள்வது கடினம். 1926இல் லண்டி என்ற அமெரிக்க மருத்துவர் 'சமநிலை மயக்கம்' என்ற கருத்தைச் சொன்னார். தூக்கம், வலியின்மை, தசைத் தளர்ச்சி, அமைதி ஆகிய வேலைகளைப் பல மருந்துகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் ஒவ்வொன்றும் சிறிதளவே போதும். கோயில் தேரை ஒருவர் இழுத்தால் முதுகு ஒடியும். ஊர் கூடி வடம் பிடித்தால் தேர் அசைந்து நிலைக்கு வரும். அப்படித்தான்.

வலியின் வடத்தைப் பிடிப்பது அபினி வழி மருந்துகள். 1969இல் பாஸ்டனில் லோவன்ஸ்டைன் குழுவினர், மார்பின் என்ற மருந்தைப் பெரிய அளவில் கொடுத்தும் வால்வு நோயாளிகளின் இரத்த ஓட்டம் குலையவில்லை என்று காட்டினார்கள். 1960 அளவில் பெல்ஜியத்தில் பால் ஜான்சன் ஆக்கிய பென்டனில் என்ற மருந்து பின்னர் அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் வலியை அடக்கினால் மட்டும் நினைவு அணைந்துவிடாது. வலியில்லாமலே, ஆனால் விழிப்போடு, கத்தியின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்த நோயாளிகளும் உண்டு. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவையே அமைதியூட்டி மருந்துகள். அவற்றில் இரண்டை மட்டும் பார்ப்போம்.

வளையம் மூடும் விந்தை

முதலாவது மிடசோலம். இதன் அண்ணன் டயசிபாம் 1963இல் விற்பனைக்கு வந்தது. டயசிபாம் நல்ல அமைதியூட்டி. ஆனால் நீரில் கரையாது. வேறு கரைப்பானில் கரைத்து ஊசி போட்டால் சிரை எரியும். நீரில் கரையும் மருந்து வேண்டும். ஆனால் மூளையின் செல்கள் கொழுப்புப் படலத்தால் மூடப்பட்டவை. கொழுப்பில் கரையாத மருந்து உள்ளே நுழையாது. நீரிலும் கரையவேண்டும், கொழுப்பிலும் கரையவேண்டும். இது எப்படி முடியும்?

1970களில் வேதியியலார் இதற்கு அழகான விடை கண்டார்கள். மிடசோலம் மூலக்கூறில் ஒரு வளையம் இருக்கிறது. அமிலக் கரைசலில் அந்த வளையம் திறந்துகொள்கிறது. மருந்து நீரில் கரைகிறது. எனவே மருந்துக் குப்பியில் இருக்கும் நீர் சற்று அமிலத் தன்மையோடு வைக்கப்படுகிறது. ஊசி மூலம் இரத்தத்தில் சேர்ந்ததும் சூழ்நிலை மாறுகிறது. நம் இரத்தத்தின் பி.எச். மதிப்பு 7.4. அங்கே வளையம் மூடிக்கொள்கிறது. மருந்து கொழுப்பில் கரையும் தன்மை பெற்று மூளைக்குள் நுழைகிறது. வாசலில் ஒரு வேடம், வீட்டுக்குள் ஒரு வேடம்!

உள்ளே போய் என்ன செய்கிறது? நம் மூளையிலேயே 'காபா' என்ற ஓர் அடக்கும் பொருள் சுரக்கிறது. அது நரம்புச் செல்லின் சுவரில் உள்ள சிறு வாயிலைத் திறந்து, எதிர் மின்னேற்றம் கொண்ட குளோரைடு அயனிகளை உள்ளே விடுகிறது. ஏற்கெனவே வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும் செல்லின் உட்புறம் மேலும் தாழ்கிறது; செல் எளிதில் தூண்டப்படுவதில்லை. மிடசோலம் தானாக வாயிலைத் திறப்பதில்லை. காபா வந்து தட்டும்போது வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. உண்மையிலேயே துணை மருந்துதான்! அத்துடன் இன்னொரு பயனும் உண்டு. இதைக் கொடுத்த பின் நடப்பவை நினைவில் பதிவதில்லை. அறுவைக் கூடத்தின் விளக்கும் முகமூடிகளும் நோயாளியின் நினைவில் தங்குவதே இல்லை.

ஒளியை வலப்புறம் திருப்பும் மருந்து

இரண்டாவது மருந்தின் பெயர் சற்று நீளம்: டெக்ஸ்மெடிடோமிடின். மெடிடோமிடின் என்பது கால்நடை மருத்துவர்கள் விலங்குகளை அமைதிப்படுத்தப் பயன்படுத்தியது. அதில் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வகை மூலக்கூறுகள் கலந்திருக்கும். முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும் வகையைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பெயரின் முன்னே நிற்கும் 'டெக்ஸ்' வலப்புறத்தைக் குறிக்கிறது. 1999இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

மூளையின் தண்டுப் பகுதியில் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ஒரு சிறு நரம்புத் திரள் இருக்கிறது. அபாயம் என்றதும் மணி அடிப்பது அதுதான். அது நார்-அட்ரினலினை வெளியிடுவதை இந்த மருந்து குறைக்கிறது. அதனால் வரும் தூக்கம் ஏறத்தாழ இயற்கைத் தூக்கத்தைப் போலவே இருக்கும். தோளைத் தட்டிப் பெயர் சொன்னால் நோயாளி விழித்து விடை சொல்வார். விட்டால் மீண்டும் தூங்குவார். மூச்சை மிகக் குறைவாகவே அடக்கும். துடிப்பையும் குறைக்கும். இதயத்துக்கு ஓய்வு வேளை கூடுகிறது என்பது நன்மை. சிலருக்குத் துடிப்பும் அழுத்தமும் அளவு மீறிக் குறைந்துவிடும் என்பது தீமை. ஆகவே சொட்டுச் சொட்டாக, கருவியின் திரையில் கண் வைத்துக்கொண்டே கொடுக்கவேண்டும்.

இயந்திரம் இதயத்தின் வேலையை ஏற்கும்போது

1953 மே 6ஆம் நாள் அமெரிக்காவில் கிப்பன் என்ற அறுவை மருத்துவர் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலில் வெற்றியோடு பயன்படுத்தினார். 1961இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திறந்த இதய அறுவை தொடங்கியது. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் தொடர்ந்து நடந்த கடைசி முத்துக்குளிப்புகள் முடிந்ததும் அதே 1961இல்தான். 1975இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்தார்.

இயந்திரம் இணைந்ததும் மயக்க மருத்துவருக்குப் புதிய கணக்குகள் வருகின்றன. 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்குச் சுமார் 3.5 லிட்டர் இரத்தம் இருக்கும். இயந்திரத்தின் குழாய்களை நிரப்ப 1.5 லிட்டர் திரவம் தேவை என்று கொள்வோம். இரண்டும் கலந்தால் 5 லிட்டர். இரத்தத்தில் இருந்த மருந்தின் செறிவு 3.5/5, அதாவது 0.7 பங்காகிவிடுகிறது. ஒரே நொடியில் 30 சதவீதம் நீர்த்துப்போகிறது! போதாததற்குச் சில மருந்துகள் குழாயின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நுரையீரல்களும் அப்போது வேலை செய்வதில்லை. ஆகவே முகர்ந்து ஏறும் மயக்க ஆவியை இயந்திரத்தின் ஆக்சிஜன் கலக்கும் பகுதி வழியாகத்தான் செலுத்தவேண்டும். உடலைக் குளிர்வித்தால் மருந்து சிதையும் வேகமும் குறைகிறது. மீண்டும் வெப்பப்படுத்தும்போது மூளை விழிக்க முயல்கிறது.

துடிப்போ, கண்ணீரோ, வியர்வையோ காட்டி நோயாளி தன் நிலையைச் சொல்ல முடியாத நேரம் இது. நினைவு பதியாமல் காக்கும் துணை மருந்தின் அருமை இங்கேதான் விளங்கும். கடலின் அடியில் இருப்பவனுக்காகக் கயிற்றைப் பிடித்திருப்பவரைப் போல, மயக்க மருத்துவர் திரையில் ஓடும் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கண்ணயர முடியாது.

அளவு மிஞ்சினால்

அமைதியூட்டிகள் நன்மை மட்டும் செய்பவை என்று எண்ணிவிடாதீர்கள். அவை மூச்சை மந்தமாக்கும். அபினி வழி மருந்தோடு சேர்ந்தால் இன்னும் மந்தமாக்கும். மூச்சுக் குறைந்தால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கும். அது நுரையீரல் தமனிகளைச் சுருக்கி இதயத்தின் வலப்பக்கத்துக்குச் சுமையேற்றும். அச்சத்தைப் போக்கக் கொடுத்த மருந்தே வால்வு நோயாளிக்கு வேறொரு வழியில் கேடாகும். முதியோர்க்கு மிடசோலம் போன்றவை அதிகமானால் அறுவைக்குப் பின் சில நாள் மனக்குழப்பம் வரக்கூடும். ஆகவே இப்போது பல மருத்துவர்கள் அவற்றைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் அந்தக் குழப்பத்தைத் தடுக்குமா என்று பார்த்த ஆய்வுகளும் ஒரே விடையைத் தரவில்லை. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு தடுக்கவில்லை என்றே கூறியது.

மாற்று மருந்துகள் உண்டு என்பது ஓர் ஆறுதல். மிடசோலத்தின் விளைவை பிளுமாசெனில் நீக்கும். அபினி வழி மருந்துகளின் விளைவை நலாக்சோன் நீக்கும். ஆனால் இவையெல்லாம் மூச்சுக் கருவியும் பயிற்சி பெற்றவரும் அருகில் இருக்கும் இடத்துக்கு உரியவை. வீட்டில் பெரியவர்களுக்கென்று வாங்கி வைத்த தூக்க மாத்திரையை 'தேர்வு பயம் போகட்டும்' என்று ஒருபோதும் தொடாதீர்கள்.

சொல்லும் ஒரு மருந்து

கடைசியாக ஓர் ஆய்வு. 1963இல் பாஸ்டனில் எக்பர்ட் என்ற மயக்க மருத்துவரும் அவர் குழுவினரும் அறுவைக்குச் செல்வோரைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலருக்கு பென்டோபார்பிடல் என்ற தூக்க மருந்து மட்டும் கொடுத்தார்கள். சிலரை முந்தின நாள் மயக்க மருத்துவர் நேரில் சென்று கண்டு, நாளை என்னென்ன நடக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். மருந்து மட்டும் பெற்றவர்கள் உறக்கச் சோர்வோடு இருந்தார்கள். ஆனால் அமைதியாக இல்லை. பேச்சுக் கேட்டவர்களே அமைதியாக இருந்தார்கள்!

கடல்கட்டி அறியாமல் செய்ததை மருத்துவர் அறிந்து செய்கிறார். முன்னவர் சொன்னது மந்திரம். பின்னவர் சொல்வது உண்மை. உண்மைக்கும் அச்சத்தைக் கட்டும் ஆற்றல் உண்டு என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

உங்கள் வீட்டில் யாராவது அறுவைக்குச் செல்ல நேர்ந்தால் மயக்க மருத்துவரிடம் தயங்காமல் கேள்வி கேளுங்கள். என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், குடிப்பழக்கம் உண்டா, கடைசியாக எப்போது உணவு உண்டார் என்பதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் கணக்கிட அவருக்கு அந்த விடைகள் தேவை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். காய்ச்சலோடு தொண்டை வலி வந்து, அதன்பின் மூட்டு ஒன்றன்பின் ஒன்றாக வீங்கினால், 'வளரும் பிள்ளைக்கு வரும் வலி' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் செல்லுங்கள். பெனிசிலின் ஊசியை உரிய காலம் வரை போட்டுக்கொண்டால் மைட்ரல் வாசல் குறுகாமல் காக்கலாம். அமைதியூட்டி மருந்தே தேவைப்படாத இதயம்தான் எல்லாவற்றிலும் மேலானது.